சிவப்பு விளக்கு எரிகையில்

அப்பாவின் தோளுக்கடியில் கைகொடுத்து அவரை உயரமான ஸ்டூலில் உட்கார வைத்தபோது, சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்ததை மகள் கவனித்தாள். அதுவோ ஏசி அறை.

"இன்னைக்கு வேணாம்பா."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன்னைவிட உயரமான டபுள் பேஸ் என்ற தந்தி வாத்தியத்தை மார்போடு சாய்த்துக்கொண்டு வில்லுக்குக் கை நீட்டினார். அதைக் கொடுத்துவிட்டு, அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் அருகில் வந்து உட்கார்ந்தாள். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. இனி பதிவு முடியும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது.

இளமையில் அவர் ஹோட்டல் நடன இசைக்குழுவில் ஒழுங்காகத் தாளம் பிடித்தவர். திடீரென்று அதை உதறிவிட்டு ஃப்ரீ ஜாஸ் பக்கம் போனார். அங்கே எழுதிவைத்த மெட்டு கிடையாது. ஒருவர் எழுப்பும் ஓசைக்கு மற்றவர் அந்த நொடியே பதில் சொல்ல வேண்டும். அவர் மரத்தைத் தட்டுவார், வில்லால் தந்தியைத் தேய்த்துக் கதவு கிறீச்சிடுவதுபோல் ஒலி எழுப்புவார். நடுவில் பேஸின் கழுத்தில் நெற்றியைச் சாய்த்துச் சும்மா இருந்துவிடுவார். அந்த மௌனத்துக்குத்தான் வெளியூரிலெல்லாம் பேர். வீட்டுச் சண்டையிலும் இதே வித்தைதான் என்று அம்மா இருந்தவரை சொல்லிச் சிரிப்பாள்.

போன வருஷம் அப்படி அவர் சாய்ந்தபோது, மகள் பதறியடித்துக்கொண்டு உள்ளே ஓடினாள். பதிவு பாழாய்ப் போனது. "நான் வாசிச்சிட்டு இருந்தேன்டி" என்று மட்டும் சொன்னார். பிறகு பல வாரம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இதயம் தாங்காது என்று டாக்டர் எச்சரித்தும் இன்று அவள் கூட்டிவந்தது, அந்த மனத்தாங்கல் தீரட்டும் என்றுதான்.

இப்போது அப்பாவின் அடித்தந்தி ஒரே சுரத்தில் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே கூட இருந்த சாக்ஸபோன்காரர் தன் வாசிப்பால் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். டிரம்மருக்குப் பூனை என்று பட்டப்பெயர். அவ்வளவு மெதுவாக அடிப்பார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

அப்பா நெற்றியைச் சாய்த்தார். வில் நழுவித் தரையில் விழுந்தது. சாக்ஸபோன் அந்தச் சத்தத்தை வாங்கி ஒரு முனகலாகத் திருப்பிக் கொடுத்தது.

"பிரமாதம்" என்று முணுமுணுத்தார் ஒலிப்பதிவாளர்.

அவள் எழுந்தாள். ஒலிப்பதிவாளர் கையமர்த்தினார். "போகாதீங்க. போன தடவை மாதிரி ஆயிடும்."

உட்கார்ந்தாள். போய்க் கெடுத்தால் இந்த முறை அப்பா மன்னிக்கவே மாட்டார். போகாவிட்டால்? அப்பாவின் இடது கையைத் தேடினாள். எவ்வளவு நேரம் சும்மா இருந்தாலும் அந்தக் கை தந்தியை விடாது. இப்போது அது தொடைமேல் மல்லாந்து கிடந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சாக்ஸபோன்காரர் வாசிப்பை நிறுத்தி முறைத்தார். பூனை கண்ணைத் திறக்கவில்லை. மரத்தரையில் அவள் செருப்பு டக்கென்றது. பூனையின் கையிலிருந்த கம்பிப் பிரஷ் டிரம்மில் டக்கென்று பதில் சொன்னது. இன்னொரு அடி வைத்தாள். இன்னொரு பதில் வந்தது.

அப்பாவின் மூக்கருகில் விரலை வைத்துப் பார்த்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள். பிறகு அவர் காதருகே குனிந்தாள்.

"திட்டுப்பா."

பூனை பிரஷை டிரம்மின் மேல் வட்டமாக, மெல்லத் தேய்த்து, அதற்கும் பதில் சொன்னார்.