திரும்பிப் போவீங்களா?

மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டால் நிம்மதியாக மூச்சு விடலாம் என்றுதான் மரச்சாமான் கடைக்காரர் நினைத்திருந்தார். சாட்சிக் கூண்டில் ஏறி நின்ற பிறகுதான் மூச்சே முட்ட ஆரம்பித்தது.

அவருடைய நிரந்தரக் குடியிருப்பு எது என்பதுதான் அன்றைய விசாரணை. இந்த ஊர்தான் என்றால் திவால் மனு இங்கேயே நடக்கும். யாரும் அவர்மேல் கை வைக்க முடியாது. மாவட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், மனைவியும் மகளும் இருக்கும் ஊர்தான் என்று முடிவானால் வழக்கு அங்கே போய்விடும். அங்கே அவருக்குக் கடன் கொடுத்த வட்டிக்காரர் வைத்ததுதான் சட்டம். கடைசியாக வட்டிக்காரரின் ஆட்கள் ‘பேச’ வந்துவிட்டுப் போனதிலிருந்து கடைக்காரரின் வலது கை விரல்கள் சரியாக மடங்குவதில்லை.

வட்டிக்காரர் தரப்பு வக்கீலம்மா குரலை உயர்த்தவேயில்லை. நலம் விசாரிப்பதுபோலக் கேட்டார்.

“இங்க எங்க தங்கியிருக்கீங்க?”

“மரப்பட்டறைக்கு மேல ஒரு ரூம்ல, மேடம்.”

“கட்டில் இருக்கா?”

“இல்ல. தரையிலதான்.”

“கட்டில் செய்யறவருக்கே கட்டில் இல்ல. ஏன், நிலையா தங்கற எண்ணம் இல்லையோ?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“அந்த ஊர் வீட்டுச் சாவி?”

“என்கிட்டதான் இருக்கு.”

“போகாத வீட்டுக்குச் சாவி எதுக்குங்க?”

“தூக்கிப் போட மனசு வரல, மேடம்.”

நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார். அப்போதுதான் கதவுக் கண்ணாடி வழியாகக் கடைக்காரர் வராந்தாவைப் பார்த்தார். பெஞ்சில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் வட்டிக்காரரின் மச்சான். தண்ணீர் பாட்டிலை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தான். அவள் வாங்கவில்லை.

இவளை எப்படிக் கூட்டிவந்தார்கள்? பாப்பா எங்கே?

“பயந்துதானே இங்க இருக்கீங்க?” வக்கீலம்மா நெருங்கி வந்தார். “சரி. பயமே இல்லன்னு வச்சுக்கங்க. திரும்பிப் போவீங்களா?”

போவேன் என்றால் கதை முடிந்தது. போகமாட்டேன் என்றால், அதை அப்படியே வெளியே இருக்கும் மனைவியிடம் கொண்டுபோய்ச் சொல்வார்கள்.

“போகமாட்டேன்,” என்றார். குரல் வேறு யாருடையதோ போலிருந்தது.

“பொண்டாட்டி, பிள்ளை அங்க இருந்துமா?”

“இருந்தும்.”

அவரை இறக்கி உட்காரவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்கள். அவள் கணவனைத் திரும்பிப் பார்க்காமலே கூண்டில் ஏறினாள்.

“உங்க வீட்டுக்காரர் இனிமே வரவே மாட்டேன்னு இப்பத்தான் சொன்னார்மா. உங்ககிட்ட போன்ல என்ன சொல்வார்? வந்துடறேன்னுதானே?”

மச்சான் வாசலிலேயே நின்று அவளையே வெறித்துக்கொண்டிருந்தான்.

“சொல்வார்,” என்றாள். கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். “மொதல்ல சொல்லிட்டுதான் இருந்தார். நான்தான் வராதீங்கன்னுட்டேன். அந்த வீட்டையும் காலி பண்ணியாச்சு. அது இப்ப யார் வீடோ.”

வக்கீலம்மா முதல் தடவையாகத் தன் காகிதங்களைப் பார்த்தார். நிமிர்ந்தபோது வாசலில் மச்சான் இல்லை.

வழக்கு இங்கேயே நடக்கும் என்று நீதிபதி அறிவித்தார். கடைக்காரர் காதில் அது சரியாக விழக்கூட இல்லை. சாட்சி சொல்லிவிட்டு வெளியே போயிருந்த மனைவியைத் தேடி வராந்தாவுக்கு ஓடினார்.

“பாப்பா எங்க?”

“அக்கா வீட்டுல விட்டிருக்கேன். வட்டிக்காரர் மச்சான்கிட்ட அவ ஸ்கூல்ல இருக்கான்னு சொல்லியிருக்கேன். நான் அவங்க பக்கம் பேசினா உங்களை விட்டுடுவோம்னுதான் கூட்டிட்டு வந்தான்.”

“அக்கா வீடு அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாதுன்னுதான் நெனைக்கிறேன்.” “நீங்க போன் போடுங்க.”

மடங்காத விரலால் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டேயிருந்தது. நின்றது. மறுபடி அழுத்தினார்.

“அப்பா?”

மனைவி போனைப் பிடுங்கினாள்.

“பாப்பா, பெரியம்மாகிட்ட சொல்லி கதவைத் தாழ் போடச் சொல்லு. யார் வந்து கூப்பிட்டாலும் திறக்காதீங்க. அம்மாவும் அப்பாவும் இப்பவே கெளம்பறோம்.”

இப்போதுதான் போகமாட்டேன் என்று சத்தியம் செய்த ஊருக்கு, அடுத்த பஸ் எங்கே நிற்கும் என்று காவலாளியிடம் கேட்கக் கடைக்காரர் படியிறங்கி ஓடினார்.