முதலில் குடித்தவன்

சாமுவேல் அம்பலவாணர் படித்த மனிதர். செராங்கூன் சாலைத் தமிழ்ச் சபையில் இதைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. அவருக்கு அறவே இல்லை. பகலில் துறைமுகத்தில் தலைமைக் குமாஸ்தா. ஆதித் திருச்சபையைப் பற்றிச் சீமையில் யார் எதைப் புதிதாக எழுதினாலும் அடுத்த கப்பலில் அது அவர் மேசைக்கு வந்துவிடும், அதற்கடுத்த ஞாயிறு எங்கள் காதுக்கு.

அந்த வருஷம் தவக்காலத்தில் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். "ஆதிச் சபையிலை எசமானும் அடிமையும் ஒரே பாத்திரத்திலைதான் குடிச்சவை. ஆர் முதல், ஆர் பிறகு எண்ட கதையே இல்லை. இது இப்ப ஆராய்ச்சியிலை நிரூபணமான விஷயம்."

உருகிப் போனோம். ஆனால் ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் பருகும் திருவிருந்துக்கு முழங்காலிடும் வரிசை மாறும் என்று யாரும் நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள் முதலில், கடைக்காரர்கள் பிறகு, கூலிக்காரர்கள் கடைசியில். அப்படியொரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை, அதனாலேயே யாரும் அதை மீறியதுமில்லை.

சுவிசேஷமுத்து மட்டும் பிரசங்கத்தை நம்பிவிட்டான். முனிசிபல் குப்பை வண்டி ஓட்டுகிறவன். வேதத்தில் சேர்ந்ததற்காக அண்ணன் தம்பிகள் அவனை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். மனைவி பூவம்மா கூடவே இருந்தாள், ஆனால் ஞானஸ்நானம் மட்டும் வாங்க மாட்டேன் என்றாள்.

"அவங்க எச்சிலை நீ குடிக்கிறது பெரிசில்ல. உன் எச்சிலை அவங்க குடிக்கட்டும். அன்னிக்கே வந்து தலையக் குடுக்கிறேன்."

அடுத்த திருவிருந்தன்று அவளைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்தினான். நேரே முன்னால் போய் முதல் ஆளாக முழங்காலிட்டான். பாதிரியார் புதிதாக வந்த வெள்ளைக்காரர், எங்கள் வரிசை அவருக்குத் தெரியாது. பாத்திரத்தை நீட்டினார். சுவிசேஷமுத்து கண்ணை மூடிக்கொண்டு மீசை நனையக் குடித்தான்.

அடுத்தவர் அம்பலவாணர். பாத்திரம் அவர் உதட்டருகே வந்தது. விளிம்பைப் பார்த்தார். உடனே அவருக்கு இருமல் வந்தது. பக்கத்துக் குமாஸ்தாவுக்கும் வந்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் வந்தது. இருமல் அவ்வளவு வேகமாகத் தொற்றி நான் பார்த்ததேயில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். வெட்கங்கெட்ட கூட்டம்.

"எல்லாருக்கும் சளி போல" என்றான் சுவிசேஷமுத்து. வாசலில் நின்ற பூவம்மா திரும்பி வீட்டுப் பக்கம் நடந்தாள்.

அடுத்த மாதம் இன்னொரு பிரசங்கம், இன்னும் புதிய ஆராய்ச்சி. "ஆண்டவர் சாப்பிட்ட பஸ்காப் பந்தியிலை ஆளுக்கொரு பாத்திரம்தான் இருந்ததெண்டு இப்ப கண்டுபிடிச்சிருக்கினம். சுகத்துக்கும் நல்லது" என்றார் அம்பலவாணர். மேசைமேல் கட்டைவிரல் உயரக் கண்ணாடிக் கிண்ணங்கள் ஒரு தட்டு நிறைய இருந்தன. ஓரமாக வைத்திருந்த ஒன்றில் மட்டும் சிவப்பு நூல் கட்டியிருந்தது.

ஆராதனை முடிந்ததும் சுவிசேஷமுத்து வாசலுக்கு ஓடி வந்தான். "எனக்குன்னு தனியா ஒண்ணு வச்சிருக்காங்க, பூவு! வேற யாரும் தொடக் கூடாதுன்னு நூல் கட்டி. இப்பவாவது வர்றியா?"

"ஊர்ல கள்ளுக்கடையில நமக்குன்னு தனியா கொட்டாங்கச்சி வச்சிருந்தாங்க" என்றாள் பூவம்மா. "இங்க கண்ணாடி."

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. சபையை உதறிவிட்டுப் போயிருக்கலாம்தான். ஆனால் எங்கே போவான்? இவர்களை நம்பித்தானே சொந்தக்காரர்களை விட்டு வந்தான்.

அடுத்த மாதம் கடைசி ஆளாக வந்து முழங்காலிட்டான். பாதிரியார் தவறுதலாக வேறொரு கிண்ணத்தை நீட்டினார். தலையை ஆட்டி மறுத்துவிட்டு, நூல் கட்டியதை அவனே தேடி எடுத்துக் குடித்தான்.