யார் பேரில் இந்த வேலை

"என் பேரைப் பதிவு பண்ணுங்க, முதலாளி."

ருமெனா கேட்டே விட்டாள். அந்த ஊரில் தையல் கூடத்துக்கு வரும் எந்தப் பெண்ணுக்கும் கேட்கவே கூடாது என்று முதல் நாளே காதில் ஓதப்படுகிற விஷயம் அது. கூலி போதவில்லை என்று கத்தலாம். குளிர்காலத்தில் அடுப்பு மூட்டுவதில்லை என்று திட்டலாம். பதிவு பண்ணு என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தவள் மறுநாள் வரும்போது அவள் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். ருமெனாவுக்கு இதை அம்மா பாவ்லினா சொன்னாள், பக்கத்து மெஷின் ஸ்தோய்னா சொன்னாள். எல்லாரையும்விட அழுத்தமாகச் சொன்னவர் அப்பா கிலிகோர்தான். "என்ன வேணா கேளு, அதை மட்டும் கேக்காத. எனக்குச் சத்தியம் பண்ணிக் குடு." அவளும் பண்ணிக் கொடுத்திருந்தாள்.

மெத்தோதி முதலாளி கத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் அவள் வந்திருந்தாள். பதிலுக்குக் கத்துவதற்கு வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது. ஆனால் அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். தானே காபி ஊற்றி அவள் முன்னால் வைத்தார். அங்கேதான் அவளுக்கு முதல் சந்தேகம் வந்தது. நூல் அறுந்தால்கூடத் தாயை இழுத்துத் திட்டும் மனுஷன், காபி ஊற்றித் தருகிறாரா?

"உக்காரும்மா. இப்ப எதுக்குத் திடீர்னு?"

"வரி ஆபீஸ்ல ஒரு வேலை வந்திருக்கு. ஒரு வருஷமாவது எங்கயாவது வேலை பாத்ததாப் பதிவு இருக்கணுமாம். நான் பொருளாதாரம் படிச்சிட்டு ரெண்டு வருஷமா இங்க சட்டைக்குக் காலர் தைக்கிறேன். கவர்மெண்ட்டைக் கேட்டா நான் வீட்ல தூங்கிட்டு இருக்கேன்ங்குது."

"நியாயம்தான்."

நியாயம்தானாம். இரண்டாவது சந்தேகம்.

"உங்கப்பாகிட்டக் கேட்டியா?"

"எங்கப்பாகிட்ட நான் எதுக்குக் கேக்கணும்? அவரா என் முதலாளி?"

"கேட்டுட்டு வா, கண்ணு," என்றார் மெத்தோதி, செத்த வீட்டில் பேசுகிற குரலில். "அப்புறமும் உனக்கு வேணும்னா வந்து சொல்லு."

காபியைத் தொடாமல் வெளியே வந்தாள்.

அந்தக் கூடம் ஒரு காலத்தில் பஞ்சாலையின் நூற்புப் பகுதியாக இருந்தது. யூகோஸ்லாவியா என்று ஒரு நாடு இருந்தபோது ஊரில் பாதிப் பேருக்குச் சோறு போட்ட ஆலை. நாடு உடைந்தது, ஆலை தனியார் கைக்குப் போனது, பிறகு நஷ்டம் என்று பூட்டினார்கள், இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். அப்போது ஆலையின் இயக்குநராக இருந்த இதே மெத்தோதி இன்று அதே கட்டடத்தில் ஜெர்மன்காரனுக்குச் சட்டை தைத்து அனுப்புகிறார். கூடம் நிறையப் பெண்கள். எல்லாருமே சர்க்கார் கணக்கில் வேலை இல்லாதவர்கள். மாதாமாதம் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய் 'எனக்கு வேலை இல்லை' என்று கையெழுத்துப் போட்டால்தான் இலவச வைத்தியம் கிடைக்கும். அதற்காக முதலாளியே அரை நாள் விடுப்புத் தருவார். நாட்டில் மூன்று பேரில் ஒருவருக்கு வேலையில்லை என்று தொலைக்காட்சியில் சொல்வார்கள். அந்த மூன்றாவது ஆள் விடியற்காலையிலிருந்து இங்கே பொத்தான் வைத்துக்கொண்டிருப்பாள்.

ருமெனா மெஷினில் வந்து உட்கார்ந்ததும் ஸ்தோய்னா தலையைத் திருப்பாமலே கேட்டாள்.

"கேட்டுட்டியாடி?"

"கேட்டேன்."

"பாவி மவளே! துரத்திட்டானா?"

"காபி குடுத்தாரு."

ஸ்தோய்னாவின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. சிரிப்பாள் என்று ருமெனா பார்த்தாள். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கும் வாய் அது. சிரிக்கவில்லை. "உங்கப்பாவைக் கேக்கச் சொன்னானா?" என்று மெல்லக் கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரியும், அக்கா?"

"எனக்கு என்ன தெரியும்? எனக்கு ஒண்ணும் தெரியாது. தையி."

மேற்கொண்டு பிடுங்குவதற்குள் வாசலிலிருந்து குரல் வந்தது: "மிளகாய்!"

அவ்வளவுதான். எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் அடங்கின. ஏப்ரன்கள் பெட்டிக்குள் போயின. பெண்கள் பின்வாசல் வழியாக முற்றத்துக்கு ஓடினார்கள். இலையுதிர் காலம் முழுக்க அங்கே தகர அடுப்பும் மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடைமிளகாயும் தயாராக இருக்கும். தொழிலாளர் ஆய்வாளர் வருகிறார் என்று எங்கிருந்தோ போன் வந்ததும் ஒருத்தி அடுப்பைப் பற்ற வைப்பாள், இன்னொருத்தி மிளகாயைச் சுடுவாள், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கருகிய தோலை உரிப்பார்கள். அக்டோபரில் அந்த ஊரில் எந்த முற்றத்தில் பார்த்தாலும் பெண்கள் கூடி உட்கார்ந்து குளிர்காலத்துக்கு மிளகாய் விழுது கிண்டிக்கொண்டுதான் இருப்பார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து விழுது கிண்டினால் எந்தச் சட்டம் என்ன செய்யும்?

ஆய்வாளர் ட்ரைச்சே வந்தார். புகைக்கு எட்டாத தூரத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். மெத்தோதி ராக்கியா என்கிற பழச் சாராயத்தை ஊற்றினார்.

"இன்னிக்கும் அயலார்தானா?" என்றார் ட்ரைச்சே, பெண்களைப் பார்த்து.

"நம்ம ஊர்ல மனுஷங்க இன்னும் ஒத்துமையா இருக்காங்க, ஐயா," என்றாள் ஸ்தோய்னா. எல்லாரும் சிரித்தார்கள்.

"உள்ள மெஷினெல்லாம் சூடா இருக்கே?"

"வெயில் படுது," என்றார் மெத்தோதி.

"சரி. பதிவான ஆளுங்க ஆறு பேரும் எங்க? ஒரு தடவையாவது கண்ணுல காட்டுய்யா. அந்தக் கிலிகோர் ஸ்தாமெனோவ் எங்க?"

ருமெனாவின் விரலில் சூடான தோல் ஒட்டிக்கொண்டது. அவள் உதறவில்லை.

"பல் டாக்டர்கிட்டப் போயிருக்கான்."

"போன தடவையும் பல்லுன்னுதான் சொன்ன. அந்த ஆளுக்கு மொத்தம் எத்தனை பல்லுய்யா?"

முற்றமே சிரித்தது. ருமெனாவின் அப்பாவுக்கு மேல்வரிசையில் ஒரு பல்கூடக் கிடையாது. ரொட்டியைச் சூப்பில் ஊற வைத்துத்தான் சாப்பிடுவார். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஸ்தோய்னா குனிந்து உரித்ததையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பக்கத்தில் இருந்தவளும் அப்படியே. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: தன் அப்பாவின் பெயர் இங்கே ஒருவருக்கும் புதிதில்லை. இந்த முற்றத்தில் புதிதாய்க் கேட்டவள் அவள் மட்டும்தான்.

ட்ரைச்சே இரண்டு ஜாடி விழுதோடு கிளம்பிப் போனார். ருமெனா மெஷினுக்குத் திரும்பவில்லை. கையைக்கூடக் கழுவாமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அப்பா சமையலறையில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேல் சுவரில் அவளுடைய பட்டம், கண்ணாடிச் சட்டம் போட்டு. அந்த வம்சத்திலேயே முதல் பட்டம். வேலையின்மைக்கான காரணங்களைப் பற்றித்தான் அவள் ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தாள். சந்தை போனது, முதலீடு வரவில்லை, விற்பனை அவசரத்தில் நடந்தது என்றெல்லாம் அழகழகாக எழுதியிருந்தாள். பேராசிரியர் பாராட்டினார்.

"சீக்கிரம் வந்துட்டியே?" என்றாள் அம்மா. கேட்டுவிட்டு உடனே தட்டை எடுத்து வைத்தாள், பசிக்கிறதா என்றுகூடக் கேட்காமல். இவளுக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டாள் ருமெனா.

"பல்லு எப்படிப்பா இருக்கு?"

"என்ன பல்லு?"

"மெத்தோதிகிட்ட வேலை பாக்குறீங்களாமே. இன்ஸ்பெக்டர் உங்களை விசாரிச்சாரு."

அப்பா வானொலியை அணைத்தார். 

"கேட்டுட்டியா அவன்கிட்ட? சத்தியம் பண்ணியே."

"பேச்சை மாத்தாதீங்க."

"எனக்குப் பென்ஷனுக்கு வருஷம் குறையுதும்மா. ஆலையைப் பூட்டினப்போ அம்பது வயசைத் தாண்டியாச்சு. எவன் வேலை குடுப்பான்? மெத்தோதி சொன்னான், உன் பேரை நான் போட்டுக்கிறேன், வருஷம் சேரட்டும்னு."

"சும்மாவா? அந்த ஆளு எதையாவது சும்மா குடுப்பானா?"

அம்மா திரும்பி நின்று குழாயைத் திறந்தாள். தண்ணீர் வெறுமனே ஓடியது.

"வேலைக்கு ஒரு ஆளு வேணும்ல. நீ படிச்சிட்டு வீட்லதான இருந்த," என்றார் அப்பா.

"அப்ப நான் தைக்கிறது உங்க பேர்ல ஏறுது."

"குடும்பத்துலதான ஏறுது!"

"உங்க பேரை எதுக்கு எடுத்தான்? ஊர்ல கிழவங்களா இல்ல? அதையும் சொல்லுங்க."

அம்மாதான் தண்ணீரை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "சொல்லித் தொலைங்க. தெருவுல யாராவது சொல்றதுக்கு முந்தி நீங்களே சொல்லுங்க."

ஆலையை விற்கும்போது தொழிலாளர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். இயக்குநர் மெத்தோதிக்கே விற்கலாமா என்று கூட்டம் போட்டுக் கை தூக்கச் சொன்னார்கள். எதிர்ப்பு பலமாக இருந்தது. நூற்புப் பகுதியில் கிலிகோரின் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அவர் கை தூக்கினால் பகுதியே தூக்கும். முந்தின நாள் மெத்தோதி வீட்டுக்கு வந்தார், இதே மேசையில் உட்கார்ந்தார். "என்ன ஆனாலும் உன்னைக் கைவிட மாட்டேன் கிலிகோர்" என்றார். மறுநாள் கிலிகோர் கையைத் தூக்கினார். அப்படிக் கைவிடப்படாதவர்கள் பகுதிக்கு ஒருவர், மொத்தம் ஆறு பேர்.

"பூட்டுவான்னு எனக்குத் தெரியாது," என்றார் அப்பா. "சத்தியமாத் தெரியாது. புது மெஷின் வரும்னான்."

ருமெனா சுவரில் இருந்த பட்டத்தைப் பார்த்தாள். அந்தக் கட்டுரையில் எத்தனை காரணங்கள் எழுதினாள்! இந்த மேசையை எழுதவில்லை.

"ஸ்தோய்னா வீட்ல யாரு?"

"அவ மாமனாரு," என்றாள் அம்மா. "ஆறு பேர் வீட்லயும் யாரோ ஒருத்தி அங்கதான் தைக்கிறா. மத்தவளுங்க அந்த ஆறுல ஒரு இடம் காலியாகாதா, நம்ம வீட்டுக் கிழவனைச் சேக்க மாட்டானான்னு காத்திட்டிருக்காளுங்க."

அதனால்தான் ஒருத்தியும் வாயைத் திறப்பதில்லை. வேலை போகும் என்கிற பயம் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வேலைக்கு ஆபத்து என்றால் இவர்கள் ஊரையே கூட்டியிருப்பார்கள். வீட்டுக்குள் ஒரு கிழவனைப் பிணை வைத்தால்தான் இப்படி வாயடைத்துப் போகும்.

"வசந்தம் வரைக்கும் பொறுத்துக்கோ, ருமே. எனக்கு வருஷம் முடிஞ்சிரும். அப்புறம் உன் பேரைப் போடச் சொல்றேன்."

"யாரு சொன்னா வசந்தம்னு?"

"மெத்தோதி."

"போன வருஷம் என்ன சொன்னான்?"

அம்மா சொன்னாள். "போன வருஷமும் வசந்தம்தான்."

"அவன் உண்மையிலேயே உங்களுக்குப் பணம் கட்டுறானா? எவனாவது போய்ப் பாத்தீங்களா? இல்ல அவன் வாய்வார்த்தைதானா?"

"அவன் என்னை ஏமாத்த மாட்டான்."

"ஆலையை வாங்கிப் பழைய இரும்புக்குப் போட்டவன்!"

"கத்தாத. பக்கத்து வீட்ல கேக்கும்."

"பக்கத்து வீட்டுக்கு என்னைவிட நல்லாத் தெரியும்ப்பா."

தலைநகர் ஸ்கோப்யாவுக்குக் கடைசிப் பேருந்து ஐந்து மணிக்கு. காலையில் திறக்கிற தொழிலாளர் தலைமை அலுவலகத்தில் வேறு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். அவர்களும் விழுது வாங்கித் தின்பவர்களாக இருக்கலாம். இருப்பார்கள் என்றே அவளுக்குத் தோன்றியது. பரவாயில்லை. சொல்ல வேண்டியதைத் தன் பெயரைச் சொல்லி, உரக்க, மற்றவர்களும் இருக்கிற இடத்தில் நின்று சொல்வாள்.

அவள் எழுந்து கோட்டை எடுப்பதைப் பார்த்ததும் அப்பாவுக்கு விளங்கிவிட்டது.

"நீ போனேன்னா என் வருஷமெல்லாம் அழிஞ்சிரும்டி. நீயே உங்கப்பன் தலையில மண்ணைப் போடுறியா?"

"உங்க வருஷமா? நீங்க ஆலையில உழைச்சது உங்களோடது, அதை எவனும் அழிக்க முடியாது. இந்த ரெண்டு வருஷம் என்னோடது. நீங்களும் வாங்க. வந்து சொல்லுங்க, நான் அங்க ஒரு நாளும் தைக்கலைன்னு."

அவர் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கப் போகிறார் என்று ஒரு கணம் நினைத்தாள். எழவில்லை.

"அந்தப் பொம்பளைங்க வேலையெல்லாம் போயிரும்," என்றாள் அம்மா. "ஊரே உன்னைத் திட்டும்."

"அவங்க எல்லாருக்கும்தான் வேலையே இல்லையேம்மா. மாசாமாசம் கையெழுத்துப் போடுறாங்களே."

சொல்லும்போதே ஸ்தோய்னாவின் முகம் வந்து போனது. அவள் நிற்கவில்லை. காலணி வாரைக் கட்டினாள். விரல்களில் கருகிய தோலின் கறை அப்படியே இருந்தது. அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். போகாதே என்பதற்கா, போய் வா என்பதற்கா என்று ருமெனாவுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் அவள் காத்திருக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே நடந்தாள்.