ஒரே ஒரு நட்டு

ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் அந்தப் பட்டறையில் சங்கத் தலைவருக்குச் சங்கு என்றுதான் பெயர். பட்டறைச் சங்கு எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரம் அவர் தொண்டையும் கேட்கும். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட மேனேஜர்கள், அதைவிடவும் தூரம் கேட்கும் என்பார்கள்.

ரகசிய ஓட்டு அவர் போராடி வாங்கியது. கை தூக்கினவனைப் போர்மேன் குறித்துவைத்துப் பழிவாங்குகிறான் என்று மல்லுக்கட்டி, பழைய கிரீஸ் டின்னை ஓட்டுப்பெட்டி ஆக்கினார். வேலைநிறுத்தம் வேண்டுமென்றால் நட்டு, வேண்டாமென்றால் வாஷர். எது விழுந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடும் ஆட்கள் இவர்கள். அதனால் டின்னின் அடியில் சாக்கு விரித்ததும் அவர்தான்.

போர் வந்தது. வயசுப் பிள்ளைகளைக் கட்டாயமாகப் பட்டாளத்துக்கு இழுக்கும் சட்டமும் பின்னாலேயே வந்தது. பட்டறையின் நிரந்தர ஆட்களுக்கு விலக்கு உண்டு. வேலைநிறுத்தத்தில் இறங்கினால் அதுவும் போச்சு. பெட்டி கழுவும் தினக்கூலிகளுக்கோ விலக்கும் இல்லை, ஓட்டும் இல்லை. அவர்களுக்கும் விலக்குக் கேட்டு வேலையை நிறுத்துவதா என்பதுதான் அன்றைக்குக் கேள்வி.

சங்குவின் மனைவியுடைய தம்பி பெட்டி கழுவுகிறவன். பட்டாளத்து அழைப்பு அவன் கைக்கு வந்துவிட்டது. சங்குவின் மகனோ நிரந்தர பிட்டர்.

சங்கு அன்று வெளுத்து வாங்கினார். பெட்டி கழுவுகிறவன் உயிர் மட்டும் மலிவா என்று அவர் கேட்டபோது, இல்லை, இல்லை என்ற கூச்சலில் கூடம் அதிர்ந்தது. பிறகு ஒவ்வொருவராகத் தார்ப்பாய் மறைவுக்குள் போனார்கள். அவர் முறையும் வந்தது. நட்டை எடுத்தார். மகனுடைய முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. இத்தனை பேர் தொண்டை கிழியக் கத்தினார்களே, என் ஒரு ஓட்டு இல்லாவிட்டால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தார். நட்டை வைத்துவிட்டு வாஷரைப் போட்டார்.

டின்னைக் கவிழ்த்தார்கள். வாஷர், வாஷர், எல்லாம் வாஷர். நடுவில் ஒரே ஒரு நட்டு.

அட பாவிகளா! அடுத்தவன் பார்த்துக்கொள்வான் என்று அத்தனை பேருமே நினைத்திருக்கிறார்கள். கத்தின வாய்கள் எல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றன.

வாசலில் நின்ற மச்சினன் நேராக வந்து சங்குவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "நீங்க ஒருத்தராவது எனக்காக நின்னீங்களே அத்தான். போதும்."

யாரோ கை தட்டினார்கள். முகத்தை வைத்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்த நிம்மதியில் எல்லோரும் தட்டினார்கள். அது நான் இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஊரையே எழுப்புகிற அந்தத் தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை.

வீட்டில் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, என்றைக்கும் இல்லாத மரியாதையோடு அவருக்குச் சோறு போட்டாள். தட்டை அப்படியே தள்ளிவைத்தார். எழுந்து கொல்லைப்புறம் போனார். குழாயடியில் மகன் கைக் கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இவனிடமாவது கொட்டிவிட வேண்டும், பிறகு மச்சினனிடமும் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தார்.

"டேய், அந்த நட்டு..."

"நான் போட்டதுப்பா." அவன் திரும்பவில்லை. குழாயை மூடினான். "நீங்க யார்கிட்டயும் எதுவும் சொல்லிடாதீங்க. மாமா உங்களை நம்பித்தான் கிளம்புறாரு."