கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஏறும் ரயில்

"பிள்ளைகிட்ட நீயே பக்குவமா எடுத்துச் சொல்லிடும்மா" என்று அக்கா புருஷன் போனில் சொன்னபோது, சித்தி தான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஒரு மூக்குக்கண்ணாடியின் காம்பைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தாள். பக்குவமாகச் சொல்ல வேண்டிய வேலையை மட்டும் எப்போதும் அடுத்தவர் தலையில்தான் கட்டுவார்கள். "சரி மாமா" என்றாள். பெற்றவர் கேட்கும்போது வேறு என்ன சொல்வது? போனை வைத்த பிறகுதான் விரல் சுட்டிருந்தது தெரிந்தது.

விஷயம் இதுதான். அக்கா போய்ச் சேர்ந்தபோது அவள் மகள் அப்போதுதான் தத்தித் தத்தி நடக்கப் பழகியிருந்தாள். "நான் பார்த்துக்கறேன்" என்று அவளைத் தூக்கி வந்தவள் இந்தச் சித்தி. அவளுக்கும் சித்தப்பாவுக்கும் சொந்தமாகப் பிள்ளை இல்லை என்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது. அப்பாவுக்கு வெளியூரில் வேலை. வந்தால் பொம்மையோடு வருவார், போனால் தவறாமல் போன் செய்வார். குறை சொல்ல இடம் கொடுக்காத மனுஷர். சித்திக்கு அதுவே எரிச்சல். போன வருஷம் ஒரு டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டார். இப்போது மகளைத் தன்னோடு வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறார். நேரே புது வீட்டில் கொண்டுபோய் விட்டால் பிள்ளை மிரளும் என்று, முதலில் ஒரு தீம் பார்க் ரிசார்ட்டில் நாலு நாள், மூன்று பேரும் ஒட்டிப் பழகுவதற்கு. அங்கிருந்து அப்படியே புது வீடு, புதுப் பள்ளிக்கூடம். இவர்கள் யாரும் அந்த இடத்துக்குப் போனதில்லை.

அன்று சாயங்காலம் சித்தி பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். தொண்டையைச் செருமினாள். வரும் வழியெல்லாம் பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம் ஒன்று இருந்தது. வாய் திறந்தபோது வந்தது வேறு.

"அப்பா, டீச்சரோட நாம ஒரு பெரிய இடத்துக்குப் போகப் போறோம்டி."

பிள்ளை போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. சித்தப்பா பஸ் டிரைவர். அப்போதுதான் டூட்டி முடிந்து வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். கை அப்படியே நிற்க, பெண்டாட்டியைப் பார்த்தார். பிள்ளை குளிக்கப் போனதும் மெல்லக் கேட்டார்: "நாமன்னு ஏன் சொன்ன?"

"வாயில வந்துடுச்சு. நாளைக்கு மாத்திச் சொல்லிடறேன்."

நாளை வந்தது, போனது.

அப்பா போனில் அனுப்பிய வரைபடத்தைச் சித்தி கடையில் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வந்து சாப்பாட்டு மேசையில் விரித்தாள். அன்றிலிருந்து அந்த மேசையில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. போய்வந்தவர்கள் எடுத்துப் போட்ட வீடியோக்களைச் சித்தி ஒன்று விடாமல் பார்த்தாள். எந்த வாசலில் கூட்டம் குறைவு, எந்தக் குழாயில் தண்ணீர் வராது என்றுகூட அவளுக்குத் தெரியும். அங்கே வாட்ச்மேனாகச் சேர்ந்திருந்தால் முதல் நாளே சம்பளம் உயர்த்தியிருப்பார்கள்.

"குகைப் படகுக்குக் காலையிலேயே போயிடணும். வெயில் ஏறிட்டா வரிசை நகராது" என்பாள். "மத்தியானம் நாம ரூமுக்கு வந்து ஒரு தூக்கம் போட்டுடலாம்."

"தூங்கறதுக்கா சித்தி அவ்ளோ தூரம் போறோம்?"

"நீ தூங்க வேணாம். எனக்குக் கால் வலிக்கும்ல?"

சித்தப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துபோவார். போகாத ஊரில் வலிக்கப்போகும் காலைப் பற்றி என்ன பேசுவது? சித்திக்கும் தெரியாமலில்லை. ஆனால் "நாம" என்று சொல்லும்போதெல்லாம் தானும் அந்தப் படகில் ஒரு ஓரமாக ஏறிக்கொண்டது போலிருந்தது. இறங்க மனசு வரவில்லை.

பிள்ளையின் ஒரே குறி, டிராகன் ரயில். மலைக்கு மேலே ஏறி, தலைகீழாகக் கவிழ்ந்து, குகைக்குள் பாய்ந்து வெளியே வருவது. அதில்தான் சிக்கல். பிள்ளைக்குக் கண்ணில் பவர் அதிகம். சித்தப்பா அவளை "ஆந்தை" என்றுதான் கூப்பிடுவார், அவளும் சிறகடித்துக் காட்டுவாள். கண்ணாடி இல்லாவிட்டால் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே அவளுக்குக் கலங்கல்தான். டிராகன் ரயிலில் ஏறுமுன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டுமாம். சித்தி தன் கையாலேயே எலாஸ்டிக் பட்டை வைத்து ஒரு கண்ணாடி செய்துபார்த்தாள். பட்டை வைத்தாலும் கூடாது என்று ஒரு வீடியோவில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

"பரவாயில்ல சித்தி" என்றாள் பிள்ளை. "நீ என் கையைப் பிடிச்சுக்குவேல்ல? அப்ப எனக்குப் பயமில்ல."

சித்தி எழுந்துபோய் அடுப்பில் இல்லாத பாலைப் பார்த்தாள். அந்த நிமிஷம் அவள் மனசில் ஓடியதை மறைக்க வேண்டியதில்லை. துருப்புச் சீட்டு தன் கையில் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. கடைசி நாளில் "நான் வரலடி" என்று ஒரு வார்த்தை போதும், பிள்ளை வாசலைத் தாண்டாது. அப்பா பதறிப்போய், "சரி, இன்னும் ஒரு வருஷம் உன்கிட்டயே இருக்கட்டும்" என்பார். யாரும் சித்தியைக் குற்றம் சொல்லவும் முடியாது. நினைத்தபோது இனித்தது. இனித்ததே என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் அந்த நினைப்பை அவள் தூரப் போடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் போன் செய்தாள். இதுவரை கல்யாணத்தில் பார்த்துச் சிரித்ததோடு சரி.

"அக்கா, அவளுக்கு டிராகன் ரயில்னா உசுருன்னு அவர் சொன்னார். கண்ணாடியைக் கழட்டணுமாமே, பயப்படுவாளே? நான் என்ன பண்ணணும், சொல்லுங்க."

"நீங்க ஏறுவீங்களா அதுல?"

"எனக்கு மாடியில நின்னு கீழ பார்த்தாலே கால் உதறும் அக்கா. ஆனா அவ ஏறணும்னா நான் ஏறித்தானே ஆகணும்?"

சித்திக்கு ஆத்திரமாக வந்தது. இவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்து தொலைக்கக் கூடாதா? மாற்றாந்தாயையும் சித்தி என்றுதான் சொல்வார்கள். ஆக இந்தப் பிள்ளைக்கு இரண்டு சித்தி. அதில் கொடுமைக்காரச் சித்தி யார் என்று கணக்குப் போட்டால், இப்போதைக்கு அது தான்தான் என்று அவளுக்குப் பட்டது.

"அவளுக்கு ஒண்ணும் பயமில்ல, நீங்க சும்மா பக்கத்துல உட்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. நடு வானத்தில் கண் தெரியாமல் பிள்ளை அலறும் சத்தம் காதில் கேட்டது. தாங்கவில்லை.

"கையைச் சும்மா பிடிக்காதீங்க டீச்சர்" என்றாள். "அவ கட்டை விரலை உங்க கைக்குள்ள வச்சு இறுக்கிப் பிடிங்க. அப்புறம் வாய் ஓயாம பேசிக்கிட்டே வரணும். இப்ப மேல ஏறுது, இப்ப திரும்பப் போகுது, இப்ப இருட்டு வரும்னு. அடுத்தது என்னன்னு தெரிஞ்சா அவ கத்தமாட்டா. தெரியாததுதான் அவளுக்குப் பயம்." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா குரல் பழகின குரலா இருக்கணும்" என்றாள்.

அந்தப் பக்கம் டீச்சர் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "நான் தினமும் கூப்பிடட்டுமா அக்கா?" என்றாள்.

இப்படித்தான் ஒத்திகை தொடங்கியது. சாயங்காலமானால் பிள்ளை கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு சோபாவில் உட்காரும். ஸ்பீக்கரில் டீச்சர் வீடியோவைப் பார்த்துப் பார்த்து ரயிலை ஓட்டுவாள். சித்தி பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள். டீச்சருக்கு அவசரத்தில் வலதும் இடதும் மாறிப்போகும். "டீச்சர், நீங்களே ஃபெயில்!" என்று பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். முதல் நாள், "சித்தி, கையை விடாத" என்றது. சில நாள் போனதும் சித்தி, அடுப்பைப் பார்க்கிற சாக்கில், நடுவழியில் கையை உருவிக்கொண்டு எழுந்தாள். பிள்ளை குரலைக் கேட்டுக்கொண்டே தலைகீழாகக் கவிழ்ந்து நிமிர்ந்தது. கை போனதைக் கவனிக்கவில்லை. சித்தி சமையலறையில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றாள், தண்ணீர் ஓடும் சத்தத்தில் அழுதால் வெளியே கேட்காது.

அப்பா வருவதற்கு முந்தைய நாள் பிள்ளை தானே பெட்டி அடுக்கியது. சித்தி அறைக்குள் போனபோது, பெட்டியில் தன்னுடைய நைட்டியும் மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைலமும் இருப்பதைப் பார்த்தாள். இனியும் தள்ளிப்போட இடமில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நான் வரலடி. நீயும் அப்பாவும் டீச்சரும்தான் போறீங்க. அப்புறம் அங்க இருந்து அப்பா வீட்டுக்கு. இனிமே அங்கதான் ஸ்கூல். லீவுக்கு லீவு இங்க வருவ."

பிள்ளை நைட்டியை எடுத்து, மடிப்புக் கலையாமல் கட்டில் மேல் வைத்தது.

"அப்ப ஏன் நாமன்னு சொன்ன?"

சித்தி தைலத்தையும் பெட்டியிலிருந்து எடுத்தாள்.

"நான் போகல" என்றது பிள்ளை. "நீ வராம நான் எங்கயும் போகமாட்டேன். அப்பாகிட்ட சொல்லிடு." கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் இறங்கி மூக்கு நுனியில் நின்றது.

வந்துவிட்டது. எதற்காக உள்ளுக்குள் காத்திருந்தாளோ அது தானாகவே வந்து மடியில் விழுந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். அக்கா மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "சரிடி கண்ணு" என்றால் முடிந்தது. சித்தி அவள் கண்ணாடியைக் கழற்றித் தன் நைட்டி ஓரத்தால் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"நான் வந்தா உனக்குத்தான்டி நஷ்டம்" என்றாள். "அங்க ஏறாத, இங்க ஓடாதன்னு நச்சரிச்சே கொன்னுடுவேன். எனக்கு ஊஞ்சல்ல உட்கார்ந்தாலே வாந்தி வரும். டிராகன் ரயிலைப் பார்த்ததும் நான் உன்னை இழுத்துக்கிட்டு ரூமுக்குப் போய்ப் படுத்துடுவேன். அப்புறம் நீ ஜன்னல் வழியாதான் ரயிலைப் பார்க்கணும்."

"நீ ஏறுவேன்னு சொன்னியே?"

"சும்மா சொன்னேன். எனக்குப் பயம்."

பிள்ளை மூக்கை உறிஞ்சியது. யோசித்தது. "டீச்சர் நிஜமாவே ஏறுவாங்களா?"

"ஏறுவாங்க. அவங்க சொன்னா செய்வாங்க" என்றாள் சித்தி. தனக்கு எதிராகத் தானே வாதாடி ஜெயித்த வக்கீல் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மறுநாள் கார் கிளம்பும்போது பிள்ளை ஜன்னல் வழியாக ஆந்தை மாதிரி சிறகடித்துக் காட்டியது. சித்தப்பாவும் பதிலுக்குக் கையை அடித்தார், தெருமுனை வரை அடித்துக்கொண்டே இருந்தார். திரும்பி வந்தவர் எதிர்வீட்டில் அவர்கள் கார் சாவியைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். "பிள்ளை அழுதுன்னு போன் வந்தா உடனே போய்க் கூட்டிட்டு வந்துடலாம்." சித்தியும் கடைக்கு லீவு சொல்லியிருந்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் போன் அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல், பாட்டு, கூச்சல்.

"சித்தி! நான் ஏறிட்டேன்! கண்ணாடி இல்லாம! கத்தவே இல்ல! டீச்சர்தான் கத்தினாங்க, சொல்ல வேண்டியதெல்லாம் மறந்துட்டாங்க. நான்தான் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, இப்ப இருட்டு வரும், இப்ப திரும்பும்னு சொன்னேன்! எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே!"

"சாப்பிட்டியாடி?"

"ம்ம். சித்தி, வரிசை நகருது, நாங்க மறுபடியும் ஏறப் போறோம். வச்சிடறேன்!"

போன் அடங்கியது. நாங்க, என்று சொல்லியிருந்தாள். சரியாகத்தான் சொன்னாள். அந்த நாங்களில் சித்தி இல்லை. இத்தனை நாளாக அவள் நாக்கு மாற்றிச் சொல்ல மறுத்த அந்தச் சின்ன வார்த்தையைப் பிள்ளை ஓடுகிற ஓட்டத்தில் மாற்றிக்கொண்டுவிட்டது. நெஞ்சு வலித்தது. பிள்ளை பயப்படவில்லை என்ற நிம்மதி ஒரு பக்கம் இருக்க, அதற்கும் சேர்த்து வலித்தது.

சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் தயாராக நின்றார். "என்னவாம்? அழறாளா?"

"அவ எதுக்கு அழணும்?" என்றாள் சித்தி. கன்னத்தைத் துடைத்துக்கொள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "அந்தச் சாவியைக் கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."