முன்னால் போகிறவர்

என் புருஷன் கதால்தோவுக்கு இடது இடுப்பு மூட்டில் ஜவ்வு முழுக்கத் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுகிறது. டாக்டர் படத்தைக் காட்டி, "மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்தாச்சு, மூட்டை மாத்துறதுதான் வழி" என்று சொல்லிப் பதினான்கு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து வரிசையில் நிற்கிறோம். அவரால் எங்கே நிற்க முடிகிறது? செருப்பு மாட்டிவிடுவது நான், காலைத் தூக்கிக் காருக்குள் வைப்பது நான், அவர் வலியில் முனகினால் முழித்துக் கிடப்பதும் நான். எனக்கும் எழுபது வயது. அலுத்துப்போச்சு, மாதாவே.

அவர் இன்னொரு வரிசையிலும் இருந்தார். எங்கள் ஊரில் பெரிய வெள்ளியன்று கோயில் பக்த சபைக்காரர்கள் வெள்ளை முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு, வெறுங்காலோடு, இப்படியும் அப்படியும் அசைந்தபடி ஊர்வலம் போவார்கள். ஒரு தெருவைக் கடக்க ஒரு மணி நேரம். அன்று கோயில் மணி அடிக்கக் கூடாது. அதனால் ஒருவர் மரக் கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டு முன்னால் போவார். அந்த இடத்துக்கு இவர் இருபத்திரண்டு வருஷம் கூட்டத்தோடு நடந்தபடி காத்திருந்தார். இந்த வருஷம் கொடுத்துவிட்டார்கள்.

அதே வாரம் புதன்கிழமை ஆபரேஷன் என்று பாரி நகரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்காரர்களும் போன் பண்ணினார்கள்.

"ஈஸ்டர் முடிஞ்சு வர்றோம்னு சொல்லுடி" என்றார்.

"சொன்னா வரிசையில கடைசிக்குத் தள்ளிடுவாங்க. இன்னும் பதினாலு மாசம்! புத்தி கித்தி இருக்காய்யா உனக்கு? நொண்டிக்கிட்டுப் போய் ஊர் சிரிக்கணுமா?"

"அங்க எல்லாருமே ஆடி ஆடித்தானே நடக்குறான். நான் நொண்டுறது எவனுக்குடி தெரியும்? இத்தனை வருஷத்துல எவனாவது கண்டுபிடிச்சானா?"

என்னமோ உலகத்தையே ஏமாற்றிவிட்ட மாதிரி சிரிப்பு வேறு.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக மிம்மோவின் மீன்கடைக்குப் போனேன். அவன்தான் சபைத் தலைவன்.

"இந்த வருஷம் அவரை விட்டுடு. அடுத்த வருஷம் குடு" என்றேன்.

மிம்மோ கத்தியைக் கீழே வைத்தான். "அக்கா, முறைப்படி அவருக்கு முன்னால இன்னும் ஆறு பேர் இருந்தாங்க. ஆறு பேரும் விட்டுக்கொடுத்துட்டாங்க. பின்னால நடக்கிறவனுக்கெல்லாம் கண்ணு இல்லையா? இந்தக் காலோட அடுத்த வருஷம் அவரால முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அவர் காதுல மட்டும் போட்டுடாதீங்க."

வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும், புதன்கிழமை வாயை மூடிக்கொண்டு ஆஸ்பத்திரியில் போய்ப் படுப்பார். எழுந்து நேராக நடக்கவும் செய்வார். ஆனால் சாகும்வரை சபைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

வீட்டில் அவர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் ஒன்றுமில்லாமலே கிலுகிலுப்பை ஆட்டிப் பழகிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டார்.

சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினேன். காய்ச்சல் என்றேன்.

"கடைசிக்குப் போயிடும்மா. பரவாயில்லையா?" என்றாள் அந்தப் பெண்.

"போகட்டும்."

வெள்ளிக்கிழமை மதியம் வெயிலில் அவர் முன்னால் போனார். எந்த அசைவு ஜெபம், எந்த அசைவு வலி என்று எனக்குத் தெரியும். தெருவுக்கும் தெரிந்திருந்தது. பின்னால் வந்தவர்கள் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார்கள், அவருக்காக. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

சாயங்காலம் அவரைக் கட்டிலில் கிடத்தினேன். என் இடுப்பும் விட்டுப்போயிருந்தது.

"அடியே, என் நடையைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"ஒரு பயலும் கண்டுபிடிக்கலய்யா. தூங்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ அடுத்த வருஷமும் எனக்கே குடுன்னு மிம்மோகிட்டக் கேக்கப்போறேன்" என்றார். "ஆஸ்பத்திரியில எப்படியும் அந்த ஈஸ்டரும் முடிஞ்சு ஜூன் மாசம்தானே கூப்பிடுவாங்க?"