பெரியம்மாவின் கொண்டையூசிகள்

தங்கை மகள் நிவேதிதா இத்தாலியின் பலெர்மோ நகருக்குப் பாய்ச்சல் போட்டிக்கு வருகிறாள் என்று தெரிந்ததும் இராசேஸ்வரி செய்த முதல் வேலை, பல்லரோச் சந்தைக்கு மேலே இருந்த தம் இரண்டு அறை வீட்டை மேலிருந்து கீழாகக் கழுவியதுதான். அந்த வீட்டில் முன்பும் தூசி இருந்ததில்லை. ஆயினும் ஒழுங்கு என்பது ஒருமுறை செய்து முடிக்கிற காரியம் அன்று என்பது அவருடைய கொள்கை.

நிவேதிதா ஜேர்மனியில் பிறந்தவள்; முப்பாய்ச்சலில் அந்த நாட்டுக்காகப் போட்டியிடுபவள். 2002இல் இளையோருக்கான உலகப் போட்டிக்கு அவள் ஜமேக்கா போய் வந்தபோது, தங்கை அனுப்பிய ஒளிநாடாவை இராசேஸ்வரியும் கணவர் குணரத்தினமும் போட்டுப் பார்த்தார்கள். பிள்ளை ஓடி வந்தாள், ஒரு காலில் கெந்தினாள், மறு காலுக்கு மாறினாள், மணலில் விழுந்தாள்.

"கெந்தி விளையாடுறதுக்கு ஒரு நாடு கொடி குடுத்து அனுப்புதோ?" என்று இராசேஸ்வரி கேட்டார்.

மறு ஆண்டு போலந்தில் வெண்கலம் கிடைத்தது. பதக்கத்தோடு அவள் நின்ற படம் சட்டமிடப்பட்டு வீட்டுச் சுவரில் ஏறியது. 2005இல் வலது குதிகால் எலும்பு பிளந்தது. இரண்டு திருகாணிகள் வைத்துப் பொருத்தினார்கள். நடக்கலாம், பாய்வதைப் பற்றிச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை இராசேஸ்வரி வெறுங்காலுடன் பெலெகிரீனோ மலை ஏறினார். பலெர்மோத் தமிழரில் சைவரும் வேதக்காரரான கிறிஸ்தவரும் ஒன்றாக ஏறுகிற மலை அது. உச்சிக் குகையில் நகரின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியா மாதாவின் முன்னால் நின்று நேர்த்தி வைத்தார்: பிள்ளை மறுபடி பாய வேண்டும், பாய்ந்தால், அவளே வந்து இந்த மலை ஏறும்வரை அவள் தலைமயிரில் கத்தரிக்கோல் படாது. தொலைபேசியில் இதைக் கேட்ட நிவேதிதா சிரித்தாள். பிறகு, "சரி, பெரியம்மா" என்றாள்.

சொன்ன சொல்லைக் காத்தாள். 2007 ஜூனில் அவள் வந்து இறங்கியபோது மயிர் இடுப்பைத் தாண்டியிருந்தது. கூடப் பயிற்சியாளர் இல்லை. காயத்துக்குப் பின் உதவித்தொகை நின்றுபோனதால் எங்கும் தனியாகவே போய் வந்தாள்.

"ஆகஸ்டில ஒசாக்காவில உலகப் போட்டி," என்று அன்றிரவு புட்டைப் பிசைந்தபடி சொன்னாள். "அதுக்கு ஒரு தூரம் கேக்கினம். நாளைக்கு இஞ்சை அதைப் பாஞ்சால் போவன். இல்லையெண்டால் இதோட முடிஞ்சுது. இனி வேறை போட்டி இல்லை."

மறுநாள் காலை அவள் வழக்கம்போலக் கொண்டை போட்டு, வலை மாட்டி, ஊசி குத்திக்கொண்டு வந்து நின்றாள். இராசேஸ்வரி ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேசையில் வைத்தார்.

"ஏன் கழட்டுறீங்கள், பெரியம்மா? நான் எப்பவும் கொண்டைதான்."

"கொண்டை போட உனக்கென்ன அறுபது வயசோ? எங்கடை சனம் முழுக்கப் பாக்க வரப்போகுது. நேராய் இரு."

"ஜேர்மன்காரர் உங்களையே பயிற்சியாளரா வைச்சிருக்கலாம்."

"வைச்சிருந்தால் பாயிற பிள்ளை பயத்தில மணலுக்கை போகாமல் வீட்டை ஓடியிருக்கும்," என்றார் குணரத்தினம்.

நிவேதிதா கண்ணை மூடித் தலையைக் கொடுத்தாள். எண்ணெய் தொட்டு, வகிடு பிரித்து, ஒரு மயிர் பிசகாமல் இராசேஸ்வரி ஒற்றைப் பின்னல் பின்னி நுனியில் நாடா கட்டினார். அந்தச் சுகத்தில் பிள்ளை கொண்டையை மறந்தாள். ஊசிகள் மேசையிலேயே கிடந்தன.

அரங்கு மலையின் அடிவாரத்தில் இருந்தது. மணற்குழிக்கு நேரெதிரே, கம்பித் தடுப்பின் அருகில் இடம் கிடைத்தது. குழியின் ஓரத்தில் மஞ்சள் பலகை ஒன்று நட்டிருந்தார்கள். அதைத் தாண்டினால் ஒசாக்கா என்று குணரத்தினம் விளக்கினார்.

ஒளிநாடாவில் ஓசை இல்லை என்பதை இராசேஸ்வரி அன்றுதான் உணர்ந்தார். நிவேதிதாவின் கால் மிதிபலகையில் விழுந்த முதல் அறை, கனத்த கதவு ஒன்று காதருகே சாத்தப்படுவதுபோல் கேட்டது. அதே வலது கால் மறுபடி தரையை அறைந்தது. பிறகு இடது. ஒவ்வோர் அறைக்கும் இருக்கைப் பலகை அதிர்ந்தது. திருகாணி பூட்டிய அந்தக் குதிகாலிலா இவ்வளவும் இறங்குகிறது? இராசேஸ்வரி கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார். கெந்தி விளையாட்டு என்று சொன்ன வாய் உலர்ந்துபோயிற்று.

ஆறு பாய்ச்சல்களில் முதல் நான்கும் மஞ்சள் பலகைக்கு எட்டவில்லை. ஐந்தாவதில் அவள் மஞ்சள் பலகையைத் தாண்டி விழுந்ததை அரங்கு முழுவதும் பார்த்தது. பாய்ச்சல் செல்லும் என்று வெள்ளைக் கொடி உயர்ந்தது. எங்கடை சனம் எழுந்து கூவியது. அளவெடுக்க வந்தவர் குனிந்து மணலைப் பார்த்தார். குதிகால் பதிந்த இடத்தை விட்டுப் பின்னோக்கி நடந்தார். பலகைக்கு இப்பால் அளவுகோலின் முனையைக் குத்தினார்.

"அவருக்குக் கண் தெரியாதோ?" என்று இராசேஸ்வரி அதட்டினார்.

குணரத்தினம் மணலைக் காட்டினார். "கால்தான் எண்டில்லை, இராசேஸ்வரி. உடம்பில எது பின்னுக்குப் பட்டாலும் அங்கையிருந்துதான் அளப்பினம். பின்னல் பட்டிட்டுது."

சட்டைக்குள் செருகியிருந்த பின்னல் பாய்ச்சலின் வேகத்தில் வெளியே வந்து மணலைத் தொட்டிருந்தது. நாடாவின் நுனி கீறிய கோடு அங்கே மெல்லியதாக, ஒழுங்காக இருந்தது.

நிவேதிதா தடுப்பை நோக்கி வந்தாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் இராசேஸ்வரியைச் சுட்டது. "ஊசியள் வீட்டை விட்டிட்டன்," என்றாள் தாழ்ந்த குரலில். "கால்கட்டு வெட்டுற கத்தரிக்கோல் ஒண்டு அங்கை வைச்சிருக்கினம். வெட்டட்டோ, பெரியம்மா? நீங்கள் சொன்னால்தான்."

மலை மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. இராசேஸ்வரி ஒரு கணம் அதை நிமிர்ந்து பார்த்தார்.

"திரும்பு," என்றார்.

பலெர்மோவில் அவரைத் தலை கலைந்து கண்டவர் எவரும் இல்லை. வேலைக்குப் போகிற வீட்டு எசமானி சிஞ்ஞோராவும் கண்டதில்லை. அத்தனை சனத்தின் நடுவில் அவர் தம் கொண்டையிலிருந்த ஊசிகளைப் பிடுங்கிப் பல்லிடுக்கில் பிடித்தார். நரைத்த மயிர் சரிந்து தோளில் விழுந்தது. தடுப்புக்கு மேலாகக் கையை நீட்டி, பின்னலைச் சுருட்டி, பிள்ளையின் பிடரியோடு அழுத்தி, ஒவ்வோர் ஊசியாக ஏற்றினார்.

"நோகுதோ?"

"ஓம்."

"நோகட்டும். அப்பதான் அசையாது. போ."

கடைசிப் பாய்ச்சல். நிவேதிதா தலைக்கு மேல் கைகளைத் தட்டினாள். அரங்கு அவளோடு சேர்ந்து தட்டத் தொடங்கியது. இராசேஸ்வரி தட்டவில்லை, அவருடைய கைகள் கம்பியில் இருந்தன. பிள்ளை ஓடி வந்தாள். முதல் அறை. தரையை விட்டு எழுந்த உடல் உயரத் தாவாமல் முன்னோக்கியே சென்றது, தரை என்பது சும்மா தொட்டுச் செல்வதற்கு மட்டும் என்பதுபோல. இரண்டாம் அறையில் அந்தக் குதிகால் முழுப் பாரத்தையும் வாங்கி, வாங்கிய வேகத்திலேயே திருப்பிக் கொடுத்தது. மூன்றாவதன் பின் ஓசையே இல்லை. கால்கள் முன்னே நீண்டன, கைகள் பின்னிருந்து வந்தன; தம் தங்கை பெற்ற பிள்ளை அந்த மலைக்கு முன்னால், எதையும் பற்றாமல், காற்றில் இருந்தாள். மனித உடலுக்கு இது அனுமதிக்கப்பட்டது என்று இதுவரை எவரும் தமக்குச் சொல்லவில்லையே என்று இராசேஸ்வரி நினைத்தார்.

மணல் சிதறியது. வெள்ளைக் கொடி. அளவெடுப்பவர் குனிந்தார், தேடினார். இம்முறை பின்னோக்கி நடக்கவில்லை. அளவுகோலின் முனை மஞ்சள் பலகைக்கு அப்பால் இறங்கியது.

நிவேதிதா ஓடி வந்து தடுப்போடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டாள். இராசேஸ்வரி முதலில் கொண்டையைத் தடவிப் பார்த்தார். "அசையேல்லை," என்றார். பிறகுதான் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "நாளைக்கு விடிய மலை ஏறவேணும். வெறுங்காலோட."

"என்ரை குதிகால்?"

"மெல்ல ஏறுவம். நானும் வாறன்."

குணரத்தினம் கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார்: "இராசேஸ்வரி, உன்ரை தலை. சனம் பாக்குது."

"கிடக்கட்டும்."

வாரியோடு ஒருவர் மணலைச் சமப்படுத்த வந்தார். தடம் அப்படியே இருந்தது: இரண்டு குதிகால் குழிகள், அவற்றுக்குப் பின்னே மெல்லிய கோடு ஒன்றும் இல்லாத வெறும் மணல். வாழ்நாள் முழுவதும் எல்லாவற்றையும் சமப்படுத்திய இராசேஸ்வரி கையை உயர்த்தி, இத்தாலிய மொழியில், கொஞ்சம் பொறுக்கும்படி அந்த மனிதரை அதட்டினார். அவர் வாரியை ஊன்றிக்கொண்டு நின்றார்.